முகத்தில் தெரியும் இரத்தக் குழாய்களும் அவற்றுக்கான சிகிச்சைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூக்கின் ஓரத்திலோ கன்னத்திலோ சிவப்பாகவும் நீலமாகவும் தெரியும் மெல்லிய குழாய்களைப் பற்றி மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து வருவோர் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன. அவை பொதுவான தகவல்கள். உங்கள் முகத்துக்கு எது பொருந்தும் என்பதை நேரில் பார்க்கும் தோல் மருத்துவரே தீர்மானிக்க முடியும்.

முகத்தில் நூல் நூலாகத் தெரியும் இந்தக் கோடுகள் எவை?

தோலின் மேலடுக்குக்குச் சற்றுக் கீழே ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அவை. எல்லோருக்கும் இருப்பவைதாம், சுருங்கி விரியும் தன்மையை இழந்து நிரந்தரமாக விரிந்தே நின்றுவிடும்போது கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய இவை மூக்கு மடலின் மடிப்பிலும், கன்ன மேட்டிலும், சில நேரம் முகவாயிலும் காணப்படும். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளியும் அதிலிருந்து எல்லாப் பக்கமும் கிளம்பும் இழைகளுமாகத் தெரிந்தால் அது சிலந்தி வடிவக் குழாய். கண்ணுக்குக் கீழும் நெற்றிப் பொட்டிலும் நீலமாகவோ பச்சையாகவோ தெரிபவை சற்று ஆழத்தில் ஓடும் சிரைகள். மெல்லிய தோல் உள்ளவர்களுக்கு அவை இயல்பானவை.

நிறமுள்ள மச்சமா, இரத்தக் குழாயா என்று ஐயம் வந்தால் தெளிவான கண்ணாடித் துண்டு ஒன்றை அதன் மேல் வைத்து மருத்துவர் மெல்ல அழுத்திப் பார்ப்பார். குழாயாக இருந்தால் கோடு மறைந்து தோல் வெளிறும். அழுத்தத்தை விட்டதும் இரத்தம் ஓடி வந்து கோடு மறுபடி எழும். சிலந்தி வடிவக் குழாயில் அந்த இரத்தம் நடுப்புள்ளியிலிருந்து கிளம்பி இழைகளின் நுனியை நோக்கிப் பாய்வதைக் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம்.

வெள்ளைக்காரர்களுக்குத்தானே இது வரும்? மாநிறத் தோலிலும் வருமா?

வரும். சிவந்த மேனியில் எளிதில் தெரிவது மாநிறத்திலும் கருநிறத்திலும் பழுப்பாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரிவதால் பலர் அதைக் கரும்படலம் என்றே எண்ணி, கரும்படலத்துக்கான க்ரீமை மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல வெளிச்சத்தில், தோலைச் சற்று இழுத்துப் பிடித்து, டெர்மாஸ்கோப் என்னும் உருப்பெருக்கிக் கருவியால் பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும்.

இவை ஏன் வருகின்றன?

முதற்காரணம் வெயில். ஆண்டுக்கணக்கில் முகத்தில் விழும் புற ஊதாக் கதிர், குழாய்களைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் இழைகளைச் சிதைக்கிறது. மேலூர்ப் பக்கம் வயலில் நிற்பவர், உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைப்பூப் பறிப்பவர், நாள் முழுவதும் இருசக்கர வண்டியில் சரக்கு எடுத்துச் செல்பவர் ஆகியோருக்கு இது பொருந்தும். அடுப்பின் அனலும் ஒரு காரணமாகலாம். பரோட்டாக் கல்லுக்கு முன் நாள்தோறும் பல மணி நேரம் நிற்பவர்களின் முகச் சிவப்பை வெயிலின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

அடுத்தது ரோசேசியா என்னும் நாள்பட்ட தோல் நோய். சூடான காபி, காரம், மது, வெயில், கோபம் என எது பட்டாலும் முகம் குப்பென்று சிவக்கும், நாளடைவில் அந்தச் சிவப்பு போகாமல் தங்கிவிடும், பருக்களும் சேரும். இந்த நோயில் கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் இமை ஓரச் சிவப்பும் வரக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்த அறிகுறி இருந்தால் கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும். 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கப்பட்ட இந்த ஊரில் அதற்கு அலைய வேண்டியதில்லை.

பரம்பரை, வயது, கர்ப்பகால ஹார்மோன்கள், புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. இவை எல்லாவற்றையும்விட நம் பகுதியில் அதிகம் கவலை தருகிற காரணம் ஒன்று இருப்பதால் அதைத் தனிக் கேள்வியாகவே பார்ப்போம்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சிவப்பழகு க்ரீமால் இது வருமா?

கட்டாயம் வரும். கருமை போகவும், பரு போகவும், கல்யாணத்துக்கு முன் முகம் பளிச்சென்று தெரியவும் என்று தோழியோ அழகு நிலையமோ சொல்லி வாங்கும் க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு மருந்து இருக்கிறது. க்ரீம் குழாயின் பின்புறத்தில் மிகச் சிறிய எழுத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் என்ற பெயர்களில் ஒன்று இருக்கும். பெரும்பாலும் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் ஆகியவையும் அதனுடன் கலந்திருக்கும். மருத்துவர் குறிப்பிட்ட இடத்துக்கு, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும்போது இவை நல்ல மருந்துகளே. பவுடருக்குக் கீழே நாள்தோறும் பூசும் க்ரீமாக மாறும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது.

முதல் சில வாரங்களில் முகம் வெளுத்து மழமழப்பாகிவிடும். இரத்தக் குழாய்களைச் சுருக்குவதும் அழற்சியை அடக்குவதும் ஸ்டீராய்டின் இயல்பு என்பதால், பூசுபவருக்கு அதன் மேல் நம்பிக்கை வளர்கிறது. மாதங்கள் கடக்கும்போது தோல் மெலிகிறது, குழாய்கள் வெளித்தெரிகின்றன, பரு கிளம்புகிறது, கன்னத்தில் பூனைமுடி வளர்கிறது, வெயில் பட்டால் முகம் எரிகிறது. பயந்து நிறுத்தினால் இரண்டொரு நாளில் முகம் வீங்கிச் சிவந்து அரிக்கிறது. மீண்டும் பூசினால் அடங்குகிறது. இப்படி விட முடியாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்கள் உண்டு. இந்த நிலையை ஸ்டீராய்டால் சேதமுற்ற முகம் என்றே இந்தியத் தோல் மருத்துவர்கள் தனியாகப் பெயரிட்டு வகைப்படுத்தியிருக்கிறார்கள். இத்தகைய க்ரீம்கள் பலவற்றை 2018இல் மத்திய அரசு, மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஹெச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஆயினும் கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கிற நிலை இன்னும் முற்றிலும் மாறவில்லை.

இந்த முகத்துக்கு உடனே லேசர் செய்வது பணத்தையும் தோலையும் ஒருசேர வீணாக்குவதாகும் என்பது என் உறுதியான கருத்து. க்ரீமை மருத்துவரின் கண்காணிப்பில் விட வேண்டும். சிலருக்கு ஒரேயடியாக நிறுத்தலாம், சிலருக்கு வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கும். ஈரப்பதக் க்ரீம், சன்ஸ்கிரீன், தேவைப்பட்டால் டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத பூச்சு, டாக்சிசைக்ளின் மாத்திரை ஆகியவற்றோடு தோல் தேறச் சில மாதங்கள் பிடிக்கும். அதற்குப் பிறகும் மிஞ்சி நிற்கும் குழாய்களுக்குத்தான் லேசர்.

உள்ளுறுப்பு நோயின் அறிகுறியாக இருக்குமா?

பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் முகம், கழுத்து, மார்பின் மேற்பகுதி ஆகியவற்றில் சிலந்தி வடிவக் குழாய்கள் பல ஒரே காலத்தில் தோன்றி, உள்ளங்கைகளும் சிவந்திருந்தால், குறிப்பாக மது அருந்துபவராக இருந்தால், கல்லீரலைச் சோதிக்க வேண்டும். மூக்கில் அடிக்கடி இரத்தம் வடிதலும், உதட்டிலும் நாக்கிலும் சிவப்புப் புள்ளிகளும், குடும்பத்தில் வேறொருவருக்கும் அதே தொல்லையும் இருந்தால் அது பரம்பரைக் குழாய் நோயாக இருக்கலாம். கன்னத்துச் சிவப்புடன் மூட்டுவலி, வாய்ப்புண், முடி உதிர்தல் ஆகியவை சேர்ந்தால் லூபஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோய்க்கான இரத்தப் பரிசோதனை தேவைப்படும். மூக்கின் மேல் முத்துப் போன்ற பளபளப்பான சிறு முடிச்சும் அதன் மீது படர்ந்த குழாய்களும் ஆறாத புண்ணும் இருந்தால் தோல் புற்றுநோய் அல்ல என்று உறுதி செய்யும்வரை அதன் மேல் லேசர் படக் கூடாது.

க்ரீம், மூலிகை, வீட்டு வைத்தியம் ஆகியவற்றால் குழாய்கள் மறையுமா?

நிரந்தரமாக விரிந்துவிட்ட குழாயை மறையச் செய்யும் பூச்சு எதுவும் இல்லை. ரோசேசியாவுக்கு எழுதப்படும் மெட்ரோனிடசால், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் ஆகியவை பருவையும் அழற்சியையும் குறைக்கும். தடித்த கோடு அப்படியே நிற்கும். பிரிமோனிடின் ஜெல் சில மணி நேரம் பொதுவான சிவப்பைக் குறைக்கும். சிலருக்கு அதன் வேகம் தணிந்ததும் முன்னைவிட அதிகமாகச் சிவந்துவிடும்.

எலுமிச்சைச் சாறும் ஆவி பிடித்தலும் முகத்தைத் தேய்த்துக் கழுவும் ஸ்கிரப்பும் நிலைமையை மோசமாக்கும். கஸ்தூரி மஞ்சள் பலருக்கு ஒத்துக்கொண்டாலும் மெலிந்து சிவந்த தோலில் எரிச்சல் தரக்கூடும். இரவில் தேங்காய் எண்ணெய் தடவினால் குழாய் மறையுமா என்று கேட்கிறார்கள், மறையாது.

லேசர் எப்படி வேலை செய்கிறது?

1983இல் அமெரிக்க மருத்துவர்களான ஆண்டர்சனும் பாரிஷும் வெளியிட்ட ஒரு கோட்பாட்டின் மீதுதான் இன்றைய லேசர்கள் நிற்கின்றன. ஒரு குறிப்பிட்ட நிறத்தை விரும்பி உறிஞ்சும் அலைநீளத்தில் ஒளியைத் தேர்ந்து, அந்த இலக்கு வெப்பத்தை வெளியே கசியவிடுவதற்குள் மிகக் குறுகிய நேரத்தில் பாய்ச்சினால், சுற்றியுள்ள திசு பிழைத்துக்கொள்ள இலக்கு மட்டும் வெந்துபோகும் என்பதே அது. இங்கே இலக்கு இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அது உறிஞ்சும் ஒளி வெப்பமாக மாறி, குழாயின் சுவரைச் சுருக்கி ஒட்டவைக்கிறது; பின்னர் உடலே அந்தக் குழாயைச் சிறிது சிறிதாக அகற்றுகிறது. தடித்த குழாய் மெதுவாகவே சூடிறங்கும் என்பதால் அதற்கு நீண்ட துடிப்பும் (ஒருமுறை ஒளி பாயும் நேரமே துடிப்பு), மெல்லிய இழைக்குக் குறுகிய துடிப்பும் தேவை. ஒரே முகத்தில் மூக்கோரத்துக்கும் கன்னத்துக்கும் அமைப்பை மாற்றுவதன் காரணம் இதுதான்.

நம் தோல் நிறத்துக்கு எந்தக் கருவி பொருத்தமானது?

கருவியின் பெயரைவிடவும் முக்கியமான கேள்வி இது. தோலின் மேலடுக்கில் இருக்கும் மெலனின் என்னும் நிறமியும் இதே ஒளியை உறிஞ்சுகிறது. குழாயைப் போய்ச் சேர வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி வழியிலேயே நின்று மேல்தோலைச் சுட்டுவிடும் அபாயம், நிறம் கூடக்கூட அதிகரிக்கிறது. வெளிநாட்டுக் காணொளிகளில் வெண்ணிற முகத்தில் ஒரே அமர்வில் கோடுகள் மறைவதைப் பார்த்துவிட்டு அதே கருவியை இங்கே கேட்பது சரியாகாது.

532 நானோமீட்டர் அலைநீளமுள்ள கே.டி.பி. லேசரை ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சும். மெலனினும் அப்படியே உறிஞ்சும். எனவே வெளிர் நிறத்தவருக்கு அருமையாக உதவும் அது, மாநிறத்தவருக்கு மிகுந்த கவனத்தோடும் குறைந்த ஆற்றலோடும் மட்டுமே பயன்பட வேண்டும். 585 அல்லது 595 நானோமீட்டரில் இயங்கும் பல்ஸ்டு டை லேசர் முகச் சிவப்புக்கு நெடுநாள் அனுபவமுள்ள கருவி. குழந்தைகளின் பிறவிச் செந்தழும்புக்கும் அதுவே முதல் தேர்வு. நல்ல குளிர்விப்போடு பயன்படுத்தினால் மாநிறத்தவருக்கும் ஏற்கும். ஆனால் அதிக ஆற்றலில் செய்தால் ஒன்றிரண்டு வாரம் நிற்கும் கன்றிய ஊதாப் புள்ளிகளைத் தரும். இந்தக் கருவி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

1064 நானோமீட்டரில் இயங்கும் நீள்துடிப்பு என்.டி. யாக் லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சுவதால், நம் தோலின் மேலடுக்குக்கு அது பாதுகாப்பானது. ஆழமான நீலக் குழாய்களையும் எட்டும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஹீமோகுளோபினும் இந்த ஒளியைக் குறைவாகவே உறிஞ்சுகிறது என்பதால் அதிக ஆற்றல் தேவைப்படுகிறது; போதிய அளவுக்கும் மிகையான அளவுக்கும் இடையில் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. ஒரே இடத்தில் துடிப்பின் மேல் துடிப்பாகச் செலுத்தினால், குறிப்பாக மூக்கு மடலில், குழிந்த தழும்பு விழலாம். ஆகவே பாதுகாப்பான கருவி என்று சொல்வதைவிட, தெரிந்தவர் கையில் பாதுகாப்பான கருவி என்று சொல்வதே பொருந்தும்.

முடி நீக்கும் நிலையங்களில் பரவலாகக் காணப்படும் ஐ.பி.எல். உண்மையில் லேசர் அன்று. பல அலைநீளங்கள் கலந்த ஒளிவீச்சு. தகுந்த வடிகட்டியோடும் அனுபவத்தோடும் வெளிர்நிறத் தோலில் அது பயன்தரும். வெயிலில் கறுத்த மாநிற முகத்தில் பிழையான அளவில் பட்டால், கருவியின் சன்னல் வடிவத்திலேயே செவ்வகம் செவ்வகமாகக் கருமை படிந்துவிடும். அந்தக் கருமை தேறப் பல மாதங்கள் ஆகும்.

எந்தக் கருவியானாலும், காதுக்கு முன்னுள்ள சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்துச் சில வாரம் காத்திருந்த பின்னரே முழு முகத்துக்கும் செல்ல வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

மின்சார ஊசியால் சுடும் சிகிச்சை போதாதா?

ஒன்றிரண்டு குழாய்களுக்கும் ஒற்றைச் சிலந்திப் புள்ளிக்கும் போதும். மிக நுண்ணிய ஊசியின் முனையைக் குழாயின் மேல் வைத்து நொடிக்கும் குறைவான நேரம் மின்னோட்டம் அல்லது ரேடியோ அலை செலுத்தப்படும். செலவு குறைவு. அளவு மிஞ்சினால் சிறு குழியோ வெள்ளைப் புள்ளியோ தங்கிவிடும் என்பதால், முகம் முழுவதும் படர்ந்த வலைக்கு இதை யாரும் பரிந்துரைப்பதில்லை.

காலில் உள்ள குழாய்களுக்கு ஊசி மருந்து போடுகிறார்களே, அதை முகத்துக்கும் போடலாமா?

முகத்துக்கு அதை வேண்டாம் என்றே சொல்வேன். பாலிடோக்கனால் போன்ற மருந்தைச் சிரைக்குள் செலுத்தி அதை அடைக்கும் முறை காலுக்கு நல்லது. முகத்துச் சிரைகளோ கண்குழியின் சிரைகள் வழியாக மண்டைக்குள் இருக்கும் பெரிய சிரைக்குடாவோடு தொடர்புடையவை. இரத்தம் இருதிசையிலும் ஓடலாம். தவறிப்போனால் பார்வையே பாதிக்கப்படலாம். கண்ணுக்குக் கீழுள்ள நீலச் சிரைக்கு நீள்துடிப்பு என்.டி. யாக் லேசர் ஒரு வழி. கண் பகுதியில் எந்த லேசரைச் செய்தாலும் வெறும் கறுப்புக் கண்ணாடி போதாது; இமைக்குள் வைக்கும் உலோகக் கவசம் வேண்டும். அது இல்லாத இடத்தில் செய்துகொள்ளாதீர்கள்.

சிகிச்சை நாளன்று என்ன நடக்கும்? வலிக்குமா?

முகத்தைக் கழுவி, பவுடரும் பொட்டும் துடைத்து, புகைப்படம் எடுத்து, ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்குவார்கள். கண்கள் மூடப்படும். குளிர்ந்த காற்றோ குளிர்ந்த முனையோ தோலைத் தொட, அடுத்த நொடி ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டதுபோல் சுரீர் என்று ஒரு குத்தல் வரும். மூக்கோரத்தில் வலி கூடுதல். கண்ணில் நீர் தானாக வரும். சரியான அளவில் பட்ட குழாய் உடனே மறையும் அல்லது சிவப்பு மாறிச் சாம்பல் நிறமாகும். மருத்துவர் கவனிப்பது அந்த நிறமாற்றத்தைத்தான். தோலே வெளுத்தாலோ சாம்பல் பூத்தாலோ அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். உடனே நிறுத்த வேண்டும். வேலை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தோலை மரத்துப்போகச் செய்யும் க்ரீம் சிலருக்கு மட்டுமே தேவைப்படும். அது குழாயைச் சுருக்கி இலக்கை மறைத்துவிடவும் கூடும்.

எத்தனை அமர்வுகள் வேண்டும்? திரும்ப வருமா?

நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஒன்று முதல் நான்கு அமர்வுகள் வரை ஆகலாம். அடைபட்ட குழாய் பொதுவாகத் திரும்புவதில்லை. ஆனால் வெயிலும் ரோசேசியாவும் தொடர்ந்தால் பக்கத்தில் புதிய குழாய்கள் தோன்றும். ஓரிரு ஆண்டுக்கொருமுறை மீண்டும் ஓர் அமர்வு தேவைப்படலாம் என்ற எண்ணத்தோடு தொடங்குவது நல்லது.

எந்த மாதத்தில் செய்துகொள்வது நல்லது? கல்யாணம் நெருங்குகிறது.

வெயிலில் கறுத்த முகத்தில் லேசர் செய்வது ஆபத்து என்பதால் நாள்காட்டியைப் பார்த்தே தொடங்க வேண்டும். கார்த்திகை முதல் தை வரை உகந்த காலம். அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரைத் திருவிழாவுக்கு இரவும் பகலும் தெருவில் நிற்கப் போகிறவர்களும், கத்திரி வெயிலில் வெளியே வேலை உள்ளவர்களும் சிகிச்சையை அதற்கு அப்பால் தள்ளிப்போடலாம். இதில் அவசரம் எதுவும் இல்லை. கல்யாணம் என்றால் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே முதல் அமர்வை முடித்திருக்க வேண்டும். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்து கேட்பவருக்கு நல்ல ஒப்பனைக் கலைஞரைப் பார்க்கச் சொல்வதே நேர்மையான ஆலோசனை.

சிகிச்சைக்குப் பின் எதைக் கடைப்பிடிக்க வேண்டும்?

முதல் ஓரிரு நாள் சிவப்பும் லேசான வீக்கமும் இருக்கும். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். சூடான ஆவி, அடுப்பனல், கடும் உடற்பயிற்சி ஆகியவற்றைச் சில நாள் தவிர்க்க வேண்டும். பொருக்குத் தட்டினால் கிள்ளக் கூடாது. மஞ்சள், சந்தனம், பிளீச், திரெட்டிங், ஃபேஷியல் ஆகியவை தோல் முழுதும் ஆறும்வரை வேண்டாம். கொப்புளம் எழுந்தாலோ வலி கூடினாலோ அடுத்த அமர்வுவரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனைக் காலையில் பூசி, வெளியே இருக்கும்போது இரண்டு மூன்று மணிக்கொருமுறை மீண்டும் பூச வேண்டும். அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ள வகை நம் தோலுக்கு இன்னும் நல்லது. கருமை படியக் காரணமான, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுக்கும், மிஞ்சிய சிவப்பையும் மறைக்கும். இருசக்கர வண்டியில் செல்வோர் ஹெல்மெட் கண்ணாடியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

கர்ப்பமாக இருக்கிறேன். இப்போது செய்துகொள்ளலாமா?

காத்திருங்கள். கர்ப்ப காலத்தில் தோன்றும் சிலந்தி வடிவக் குழாய்களில் பெரும்பாலானவை பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் தாமாகவே மறையும்.

யாரிடம் செல்வது? செலவு, காப்பீடு?

எம்.டி. (டி.வி.எல்.), டி.டி.வி.எல்., டி.என்.பி. ஆகிய தோல் மருத்துவத் தகுதிகளுள் ஒன்றும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் உள்ளவரா என்று பாருங்கள். கருவியை இயக்கப் போவது அவரா, பயிற்சி பெற்ற ஊழியரா என்றும் கேளுங்கள். எது காரணம் என்று தெரியாத நிலையில் முதலில் அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் காலையில் புறநோயாளியாகக் காட்டிக்கொள்ளலாம்; நோயறிதலுக்கு அதுவே போதும். அழகுக்காகச் செய்யப்படும் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. ஓர் அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை அமர்வு, வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பரிசோதிக்கும் முன்பே ஆறு அமர்வுப் பேக்கேஜுக்கு முன்பணம் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

முதல் ஆலோசனைக்கு வரும்போது எதைக் கொண்டுவர வேண்டும்?

இதுவரை முகத்தில் பூசிய எல்லா க்ரீம் குழாய்களையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பெயர் நினைவில் இல்லை என்றால் கடைச் சீட்டாவது வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை, பருவுக்காக எடுத்த ஐசோட்ரெட்டினோயின், டாக்சிசைக்ளின் ஆகியவற்றையும், தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, உதட்டோரம் அடிக்கடி வரும் அக்கி ஆகியவற்றையும் மறக்காமல் சொல்லுங்கள். மேக்கப் இல்லாமல் வாருங்கள்.